பின்னால் உட்காரும் அத்தான்

கேரியரைக் கழற்றிவிட்டால் இந்தச் சைக்கிள் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார்கள். பெடாஸ் ஊரில் என் வீட்டு வாசலில் அது நிற்கும்போது, சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் கடப்பதில்லை. கியர் வைத்த சைக்கிளுக்கு இவ்வளவு கனமான இரும்புக் கேரியர் எதற்கு என்பார்கள். பதில் சொல்ல எனக்கு அலுப்பு. போன வருடம் இறந்துபோன என் அத்தானை, அக்காவின் கணவரை, உட்காரவைத்துக் கூட்டிப் போக வாங்கியது என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அத்தானுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. தோட்டத்தில் அவரும் அக்காவும் ரப்பர் பால் வெட்டப் போன காலத்தில் அது பெரிய கேலி. வெறும் வாளிகள் கைப்பிடியில் ஆட அக்கா மிதிப்பாள். அத்தான் பின்னால் இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெட்டுக் கத்தியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை ஊர்வலம் போகுது பார் என்று லயத்து வீடுகளிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அவருக்கு வெட்கமே கிடையாது. “அவ நல்லா ஓட்றா, நான் நல்லா உக்கார்றேன். உங்களுக்கு என்னலா?” என்பார். ஏற்றம் வந்தால் மட்டும் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுவார். அக்கா இறங்கி நான் பார்த்ததில்லை.

அக்காவைத் தோட்டத்துக் கல்லறையில்தான் புதைத்தோம். மண் போட்டு முடித்ததும் பக்கத்து இடத்தைக் காட்டி, “இது எனக்கு” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் அத்தான் அங்கிருந்து நகர்ந்தார். பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போனார்கள், அவர் என் வீட்டுக்கு வந்தார். பிறகு தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை எண்ணெய் மரம் வந்தது. செம்பனைப் பழக்குலைகள் திருட்டுப் போகின்றன என்று புதிய முதலாளிகள் பாதையில் தடுப்புக் கம்பி போட்டு, காவலுக்கு ஒரு ஜாகாவை உட்கார வைத்தார்கள். வெளியாட்களின் காடிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. நடந்து போகலாம், ஆனால் சர்க்கரை வியாதியில் அத்தானின் கால் விரல்கள் போயிருந்தன. தோட்டத்து வாசலிலிருந்து கல்லறை வரை அந்தக் காலோடு நடக்க முடியாது. கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய மெழுகுவத்திகள் என் வீட்டு அலமாரியிலேயே கிடந்தன. “இந்த வருஷமும் போவலன்னா அவ என்ன நெனப்பா மச்சான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் ஜாகாவிடம் போய்க் கெஞ்சினேன். நேப்பாளத்துக்காரர், நல்ல மனிதர். மோட்டார் கூடாது, காடி கூடாது என்றுதான் தனக்குச் சொல்லியிருக்கிறார்கள், சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை என்றார்.

அதனால்தான் இருவரும் பஸ் ஏறி ராசா என்ற ஊரில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனோம். வீட்டிலிருந்து பாதி தூரம் தார் ரோடு, லாரிகள் உரசிக்கொண்டு போகும். மீதி செம்மண், சரளைக்கல், ஒரு மேடு. மெல்லிய டயர் மண்ணில் புதையும், பட்டன் வைத்த தடித்த டயர் ரோட்டில் ஆளை இழுத்துப் பிடிக்கும் என்று சொல்லி, கடைக்காரத் தம்பி இரண்டுக்கும் நடுவான ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒற்றை விரலில் தூக்கலாம் போல அவ்வளவு லேசு. எனக்குப் பிடித்துவிட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கென்று ஆசைப்பட்ட பொருள் அது ஒன்றுதான். அத்தான் முன்பக்கம் வரவே இல்லை. பின் சக்கரத்துக்கு மேலே கையால் தடவிப் பார்த்துவிட்டு, “உக்கார எடம் எங்க?” என்றார்.

“இது ஒரு ஆளுக்குத்தான் லா அங்கிள். கேரியர் போட்டா பிரேம் தாங்காது.”

அத்தான் கையை எடுத்துக்கொண்டு கடை வாசல் பக்கம் நகர்ந்தார். நான் அதை விட்டுவிட்டு, இரும்பு பிரேமில் மூலையில் நின்ற ஒரு கனத்த சைக்கிளைக் காட்டினேன். அகல டயர், அடி கியர் லேசாகச் சுற்றும். கேரியரைத் தனியாக வெல்டிங் வைத்துத் தந்தார்கள்.

கல்லறைத் திருநாளன்று காலையில் கிளம்பினோம். தார் ரோடு சமாளித்துவிட்டேன். ஜாகா தடுப்பைத் தூக்கிவிட்டார். செம்மண்ணில் கொஞ்ச தூரம் ஓடியது, மேட்டில் என்னால் முடியவில்லை. இறங்கினேன். பழக்கத்தில் அத்தானும் இறங்கப் பார்த்தார். “இருங்க அத்தான்” என்று அதட்டிவிட்டு, அவரை வைத்தே தள்ளினேன். முழங்காலில் ஊசி குத்துகிற மாதிரி வலி. பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது, அவர் தன் கைக்குட்டையால் என் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டார்.

அக்காவின் சிலுவையைச் சுற்றிப் பெரணிச் செடி மண்டிக் கிடந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். அத்தான் தனக்கென்று பிடித்து வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் முழங்காலை நீவிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் பேசினார்.

“கோவிச்சுக்காதம்மா. எனக்கு இங்க எடம் வேணாம். ஒன் தம்பிக்கு முட்டி போச்சு. நான் டவுன்லயே படுத்துக்கிறேன். அங்கன்னா காடி வரும், புள்ளைங்களும் வந்து பாத்துட்டுப் போவும்.”

நான் முழங்காலிலிருந்து கையை எடுத்தேன். “அப்படிலாம் சொல்லாதீங்க அத்தான். நான் தள்ளிட்டு வர்றேன்” என்றேன்.

“நீ சும்மா இரு மச்சான். இது எனக்கும் அவளுக்கும்.”

அவர் சொன்னபடியே டவுனில்தான் புதைத்தோம். பிள்ளைகள் வருகிறார்கள், காடியிலேயே. அக்காவிடம் நான் ஒருவன்தான் போகிறேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்முன், அத்தான் அங்கே நன்றாக இருக்கிறார் என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன்.