விழமாட்டேன் என்ற நடிகை

என் மனைவியை ஊரில் பாதிப் பேர் ‘டோக்கன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாகத் தூங்குகிறது. எனக்குக் கோபம் வந்தால்தான் அதை வெளியே எடுப்பேன்.

நடிகையாவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். தரைத்தளத்தில், வெளி நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற இடம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி, ஒரு மைக். எதிரே இருநூறு பேர். எல்லாருக்கும் வலி, எல்லாருக்கும் அவசரம், எல்லாரும் கத்துவது அவளைப் பார்த்துத்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதுதான் சரி. லிஃப்டுக்குள் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் பயத்தில் கதவைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். நான் மேலே மெஷின் ரூமில் பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

“உள்ளே இருக்கிறவங்க கவனிக்கவும். உங்களுக்கு டோக்கன் நம்பர் ஒண்ணு, ரெண்டு, மூணு. இன்னைக்கு டாக்டரை முதல்ல பார்க்கப்போறது நீங்கதான். தயவுசெஞ்சு எழுந்து வெளிய போயிடாதீங்க.”

உள்ளே ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். எலும்பு டாக்டர் எப்படிக் கொட்டாவி விடுவார், கண் டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியை எப்படித் தேடுவார், பல் டாக்டருக்குப் பல் வலித்தால் என்ன செய்வார் என்று மூடிய கதவுக்கு வெளியே நின்று நாற்பது நிமிஷம் ஆளாளுக்குக் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள். ஒருவழியாகக் கதவு திறந்தபோது அந்தப் பெரியவர், “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

நான் கிரீஸ் கையோடு இறங்கி வந்து, “நீங்க நாடகத்துல இருக்க வேண்டிய ஆளு” என்றேன்.

“நீங்க லிஃப்ட் ரிப்பேர்ல இருக்கக்கூடாத ஆளு. நாப்பது நிமிஷமா!” என்றாள்.

எட்டு மாசத்தில் கல்யாணம்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதானபோது, ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவில் அவள் தனியாகப் பத்து நிமிஷம் மேடையேறினாள். அன்றைக்குக் கூட்டத்தில், எல்லாரும் ‘மீசை’ என்று கூப்பிடுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் எழுதி, இரண்டு கூட்டாளிகளோடு போட்டுக்கொண்டிருந்தவர். மீசையைத் தவிர முகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, “எங்க குழுவுல ஒரு பொம்பளை இல்லைம்மா. நானே விக் வெச்சுக்கிட்டு நடிக்கிறேன். பார்க்கிறவங்க பாவம்” என்றார்.

சேர்ந்தாள். அச்சகம் ஒன்றின் மாடியில் ஒத்திகை. கீழே மெஷின் ஓடினால் மேலே வசனம் கேட்காது, நின்றால் கேட்கும். அதனால் இவர்கள் மெஷினுக்குத் தகுந்தமாதிரி பேசக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் முதல் நாடகத்தில் அவளுக்கு இருந்ததே ஒரே ஒரு வசனம்தான். வீட்டுக்காரன் வேடம் போட்ட மீசை எதைச் சொன்னாலும் இவள் “சரிங்க” என்று சொல்ல வேண்டும். ஏழு தடவை.

“பதினோரு வருஷமா மைக்ல பேசினவளுக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்காரு” என்று வீட்டில் புலம்பினாள். நான், “விட்டுடேன்” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நாடகத்தை மூன்றாவது தடவை போட்டபோது அந்த ஏழு ‘சரிங்க’வையும் ஏழு விதமாகச் சொன்னாள். முதலாவது பணிவு. இரண்டாவது, காதில் விழாதவள் சொல்வது. மூன்றாவது, அடுப்பில் ஏதோ கருகும்போது சொல்வது. ஐந்தாவதில் மிரட்டல் இருந்தது. ஏழாவதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு நொடி சும்மா நின்றாள். அந்த இரண்டு நொடியில் மீசை நிஜமாகவே ஓரடி பின்னால் போனார். அரங்கம் அதிர்ந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வந்து அவர் குதித்தார். “நான் எழுதினதுக்கு யாருமே சிரிக்கலை, நீ சொன்ன ‘சரிங்க’வுக்குச் சிரிக்கிறான்!”

“அதுவும் நீங்க எழுதினதுதான் அண்ணா” என்றாள்.

மனிதர் நல்லவர். மறுவாரமே அவளை நடுவில் வைத்து எழுத ஆரம்பித்தார். டோக்கன் கொடுக்கிற பெண், எதிரே விதவிதமான நோயாளிகள் என்று அவர் எழுதிய பத்து நிமிஷ நாடகம் டிவிக்குப் போனது. வாராவாரம் வந்தது. அவளால் வேலையையும் விட முடியவில்லை, நாடகத்தையும் விட முடியவில்லை. நான்கு வருஷம் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். கடைசியில், நோயாளிகள் டோக்கன் வாங்காமல் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகமே கைகூப்பி அனுப்பி வைத்தது.

சினிமாவும் கூப்பிட்டது. சந்தோஷமாகப் போனாள். பதினெட்டுப் படம் நடித்தாள். அதில் பதினைந்தில் விழுந்தாள். படிக்கட்டில், சேற்றில், நீச்சல் குளத்தில். கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் இரண்டு தடவை. வீட்டுக்கு வந்தால் நான் முழங்காலுக்கு மருந்து போடுவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, இந்தப் படத்துல உனக்கு வசனம் இருக்கா?” என்று கேட்பாள்.

“இருக்கே. ‘ஐயோ.’”

பத்தொன்பதாவது படத்தில் ஹீரோ தள்ளிவிட, அவள் குப்பைத்தொட்டிக்குள் தலைகீழாக விழ வேண்டும். ஏன் தள்ளுகிறார் என்று கேட்டாள். “சும்மாதான். நீங்க விழுந்தா தியேட்டர் சிரிக்கும்” என்றார் உதவி இயக்குநர்.

“நான் ஏறி வந்த இடம் சிரிக்க வெச்சு ஏறினது தம்பி, விழுந்து ஏறினது இல்லை. விழறதுக்கு ஆள் வேணும்னா ஸ்டண்ட் ஆளுங்க இருக்காங்க, என்னைவிட அழகா விழுவாங்க. எனக்கு வேண்டாம்.”

உடையை மடித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். அதற்கப்புறம் பத்து மாசம் சினிமாவிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேச்சு. அவள் திரும்ப அச்சக மாடிக்கே போனாள். மீசை அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அந்த மேடையில்தான், நாங்கள் டைரக்டரம்மா என்று கூப்பிடுகிற பெண் அவளைப் பார்த்தார். முப்பது வயசுகூட இருக்காது. ஒரே ஒரு படம் எடுத்திருந்தார், அதுவும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, காய்ந்த துணிகளை ஒதுக்கிவிட்டு சோபாவில் உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க சிரிக்க வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் ஒண்ணுமே பண்ணாம நிப்பீங்களே, அது மட்டும் எனக்கு வேணும். ஒன்றரை மணி நேரத்துக்கு.”

கதை இதுதான். ஒரு பெண்ணின் மகன் லாரி ஓட்டுகிறவன். அவன் வண்டியில் அடிபட்டு ஒரு பையன் இறந்துவிடுகிறான். இவள் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போய், அவன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கதையைக் கேட்டுவிட்டு என் மனைவி அந்தக் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். பிறகு, “நான் எங்கேயாவது விழணுமா?” என்றாள்.

“இல்லைக்கா.”

“சரிங்க” என்றாள். அது எட்டாவது விதம். அதுவரை நான் கேட்டதில்லை.

ஒத்திகைக்கு நான்தான் இறந்த பையனின் அப்பா. எங்கள் படுக்கையறைக் கதவுதான் அந்த வீட்டுக் கதவு. அவள் தட்டுவாள், நான் திறக்க வேண்டும். முதல் தடவை திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்து நான் சிரித்துத் தொலைத்தேன். பழக்கதோஷம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்களே சிரிச்சா ஊரு என்ன செய்யும்?”

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அப்புறம் அந்தக் கதவை நாற்பது, ஐம்பது தடவை திறந்திருப்பேன். கடைசியில் கதவுக் கீல் கழன்றது, என் சிரிப்பு நின்றது.

படப்பிடிப்புக்கு என்னையும் வரச் சொன்னாள். சாயம் போன உடையில் அவள் வெளியே வந்ததும் லைட் போடுகிறவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பாசம்தான். ஆனால் அவள் நடை தடுமாறியது. மூன்று டேக் வீணானது. டைரக்டரம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டு, “வசனம் சொன்னதும் எதுக்காகவோ காத்திருக்கீங்கக்கா” என்றார்.

அவளே கண்டுபிடித்தாள். “சிரிப்புக்குத்தான். சொல்லி முடிச்சதும் சிரிச்சாங்களான்னு ஆளைப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்துப் பழக்கம்.” பிறகு, “இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். முகத்தைப் பார்க்கிற தைரியம் அந்தம்மாவுக்கு எப்படி வரும்?” என்றாள்.

நான்காவது டேக். கதவு திறந்தது. அப்பாவாக நடித்த பழைய மேடை நடிகர் வாசலில் நின்றார். இவள் அவர் காலைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த சின்னச் செருப்பு ஜோடியைப் பார்த்தாள். அவளுக்கு ஐந்து வரி வசனம். அதில் ஒன்றைத்தான் சொன்னாள். “நான் அவனோட அம்மா.” மீதி நான்கும் வரவில்லை, வேண்டியிருக்கவும் இல்லை. எதிரே நின்ற நடிகர் தன் வசனத்தை மறந்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ‘கட்’ சொல்ல வேண்டிய டைரக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரித்த லைட்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் மட்டும் பெருமையில் அசடாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

படம் வந்த அன்று மதியக் காட்சிக்கு நான், அவள், மகள், மீசை நான்கு பேரும் போனோம். அவள் திரையில் தெரிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், “டோக்கன் எத்தனைம்மா?” என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அவள் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கதவுக் காட்சி வந்தது. அந்த ஒரு வரியைச் சொன்னாள். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. மீசை மூக்கை உறிஞ்சினார். பின்வரிசைக்காரன் என்ன செய்கிறான் என்று மெல்லத் திரும்பிப் பார்த்தேன். முன்சீட்டில் தாடையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை மெதுவாகச் சூடேறியது.

விளக்குப் போட்டதும் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெண்மணி அவளை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் என் காதில், “அப்பா, இது பெரிய விஷயம்தானே?” என்றாள். பெரிய விஷயம்தான் என்றேன்.

அந்த வருஷம் சிறந்த நடிகைக்கான விருது அவளுக்குக் கிடைத்தது. மேடையில் மீசையின் பெயரை முதலிலும், டைரக்டரம்மாவின் பெயரை அடுத்தும் சொன்னாள். நேரம் முடிந்துவிட்டதால் என் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று எனக்காக மட்டும் தனியாக ஓர் உரை நிகழ்த்தினாள். அதில் என்னைத் தவிர வேறு யாருக்கும் நன்றி இல்லை.

இப்போது அவளைத் தேடி வருகிற கதைகளை அவளே படித்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்கிறாள். போன வாரம் ஒரு நீதிபதி வேடத்துக்குச் சரி என்றிருக்கிறாள். அதற்காக மூன்று நாளாகக் கோர்ட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். சாப்பாட்டு மேசையில் நானும் மகளும் வாய்தா கேட்டுக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை மட்டும் எந்தப் படப்பிடிப்பும் கிடையாது. அன்றைக்கு மீசையின் மேடையில் அவள் நாடகம். டிக்கெட் கிடைப்பதில்லை, நான் திரைக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறேன்.