மூன்றாவது டிஸ்க்

ஏற்காட்டில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வைத்து என் வலது கையை உடைத்தார்கள்.

சேலத்திலிருந்து போய் சர்வர்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்த ஆஸ்பத்திரியின் கேமரா பதிவுகள் எல்லாம் நான்கு டிஸ்க் கொண்ட ஒரு மெஷினில் இருந்தன. மூன்றாவது டிஸ்க் கெட்டுவிட்டதாகக் காலையில் போன் வந்தது. அதற்காக மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. ஓடும்போதே கெட்டதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். விட்டுப்போனதை மற்ற மூன்றும் சேர்ந்து அதில் எழுதிவிடும். அது முடிவதற்குள் இன்னொன்றை உருவினால் மட்டும் எல்லாம் போய்விடும்.

நான் போனபோது வாசல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. மாரமங்கலம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து அங்கே தூக்கிவரப்பட்டவர் அப்போதுதான் இறந்திருந்தார். அவருடன் வந்த கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நான் பின்வழியாக நுழைந்தேன். திரும்பிப் போயிருக்க வேண்டும். பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன்.

புதிய டிஸ்கைச் செருகிவிட்டுப் பழையதைக் கையில் வைத்திருந்தேன். கதவு உடைந்தது. முதலில் வந்தவர் இறந்தவரின் அண்ணன். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம்.

“கேமராப் பதிவைக் கழட்டிட்டான் பாருங்கடா!”

முதல் அடியிலேயே வாய் கிழிந்தது. கீழே விழுந்தவனை மிதித்தார்கள். விலா எலும்பில் பட்ட உதையில் மூச்சு வரவில்லை.

“மிச்சத்தையும் உருவு. போலீசுல குடுத்துரலாம்” என்று யாரோ சொன்னார்கள்.

எழுந்து மெஷின் மேல் கவிழ்ந்துகொண்டேன். வீரமெல்லாம் இல்லை. வேலைப் பழக்கம். “உருவுனா எல்லாம் அழிஞ்சிருமுங்க” என்று கத்தினேன். அண்ணன் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி, மெஷினைப் பிடித்திருந்த என் கை மேல் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

இரண்டாம் முறை அவர் ஓங்கியபோது ஒரு நர்ஸ் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“ஏனுங்க, கெட்டுப்போனதை மாத்துறாருங்க அவரு! படம் இன்னும் ஓடிட்டுத்தானுங்க இருக்குது. அங்க பாருங்க!”

மேசை மேல் இருந்த திரையில் வராந்தா தெரிந்தது. அண்ணனுடைய ஆட்கள் அதில் நாற்காலிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் மெல்லக் கீழே இறங்கியது.

“என் தம்பிய கொண்டாந்தப்ப எடுத்ததைக் காட்டு.”

இடது கையால் தேடிக் காட்டினேன். ஸ்ட்ரெச்சரில் அவர் தம்பி துடித்துக்கொண்டிருந்தார். திரையில் அண்ணன் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். பதிவில் இருந்த நேரப்படி அரை மணி நேரத்துக்கு மேல் டாக்டர் யாரும் வரவில்லை. என் பக்கத்தில் நின்ற அண்ணன் திரையைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அவர் தட்டிய கதவுகளை நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கையில் மாவுக்கட்டு போட்டபின் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். “அன்னிக்கு எடுத்த பதிவு டிஸ்க் கோளாறுல போயிருச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க.”

“போகலைங்களே” என்றேன்.

போலீசில் இரண்டையும் கொடுத்தேன்: என்னை அடித்ததற்கான புகாரையும், அன்றே நான் எடுத்துவைத்திருந்த அந்தப் பதிவின் நகலையும். ஸ்டேஷனில் அண்ணன் எதையும் மறுக்கவில்லை. “நாந்தானுங்க அடிச்சேன்” என்று கையெழுத்துப் போட்டார். இப்போது இரண்டு வழக்குகள் நடக்கின்றன, ஒன்று அவர் மேல், இன்னொன்று ஆஸ்பத்திரி மேல். ஒன்றில் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன். மற்றதில் அவர் பக்கம்.