கோலப்பன் காயவச்ச மஞ்சக் கட்டி

என் தம்பி கோலப்பன் ஒரு எடத்துல இருக்க மாட்டான். சோறு திங்கும்போதே ரெண்டு தடவ எந்திரிச்சு வாசலப் பாப்பான். "ஏலே, குண்டியில முள்ளா குத்துது?"ன்னு கேப்பேன். சுதந்திரம் வந்த வருசம் நாகர்கோயில்ல ஒரு பள்ளிக்கூடத்துல மணியடிக்கப் போனான். பெறவு சயன்ஸ் ரூமுல சாமான் தொடைச்சு எடுத்து வைக்கிற வேல. எட்டு வருசமாயும் தற்காலிகந்தான். நாளைக்கு வராதன்னு சொன்னா போயிரணும். அந்த நெனப்பே அவனத் தின்னுது. பொண்ணு கொடுக்கவும் ஒருத்தனும் வரல்ல.

அந்த ஐப்பசியில இன்ஸ்பெக்டர் வாறாருன்னு தாக்கல் வந்தது. அவரு நல்லபடியா எழுதினா இவன் வேல நெரந்தரம். சயன்ஸ் எடுக்கிற நேசபாய் டீச்சர் அவரு முன்னால பாடம் நடத்தணும். அதுக்கு ஒரு மஞ்சக் கட்டி உண்டு, அம்பராம். எப்பவோ ஒரு வெள்ளக்காரன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. கம்பிளியில தேய்ச்சா காயிதத் துண்டு துள்ளி வந்து ஒட்டும். ஆனா பத்து நாளா அடமழ. ஈரக் காத்துல எவ்வளவு தேய்ச்சாலும் ஒண்ணும் ஒட்டல்ல. டீச்சர்ட்ட கேட்டுட்டு கட்டியையும் கம்பிளியையும் என் அடுப்படிக்குக் கொண்டுவந்தான், காயவைக்க.

எங்க வீட்டுக்காரரு செத்த நாள்லேருந்து நெல்லு அவிச்சுக் குத்திக் கொடுக்கதுதான் என் பாடு. மழையில அவிச்ச நெல்லு காயாம நாறுது, எனக்கு எரிச்சலா வருது. இவன் அடுப்புப் பக்கம் குத்தவச்சு கத பறயுதான். கண்ணுக்குத் தெரியாத பொடி ஒண்ணு உண்டாம், எலெக்ட்ரானாம். நெல்லு, பானை, என் ஒடம்பு எல்லாத்துலயும் இருக்காம். தேய்ச்சா கம்பிளியில உள்ளது கொஞ்சம் கட்டி மேல ஏறிருமாம், அதான் இழுக்குமாம். ஈரம் இருந்தா அது வழியா ஒழுகிப் போயிருமாம். பண்டு கிரேக்க நாட்டுக்காரன் அம்பரத்தான் எலெக்ட்ரான்னு சொல்லுவானாம். பின்னால வந்தவன் அந்தப் பேர எடுத்துப் பொடிக்கும் வச்சானாம்.

அம்பர்னா என்னதுலேன்னு கேட்டேன். மரத்துப் பிசினு, மண்ணுக்குள்ள கெடந்து கெடந்து கல்லாப் போனதுன்னான். சொல்லி வாய மூடல்ல, எந்திரிச்சு டீச்சர் வீட்டுக்கு ஓடிட்டான்.

வெளக்கு வைக்கிற நேரம் கொசு புடுங்குது. அடுப்புத் திட்டுல நான் புகை போடுத குங்கிலியமும் கெடந்துது. அதுவும் பிசினு, அதுவும் மஞ்ச. புகையில கண்ணு தெரியாம ஒரு கட்டிய எடுத்துக் கங்குல போட்டேன். மணம் வேற மாதிரி வந்த பெறவுதான் பாத்தேன். போச்சு.

திரும்பி வந்தவன் விசயத்தக் கேட்டுட்டு மழையில முத்தத்தச் சுத்திச் சுத்தி நடந்தான். எனக்குப் பொறுக்கல்ல. குங்கிலியத்துல ஒரு கட்டிய எடுத்து, "இத வையிலே, எவனுக்குத் தெரியும்?"ன்னேன். தேய்ச்சுப் பாத்தான். உமி துள்ளி வந்து ஒட்டிச்சு. கொண்டு போயிட்டான்.

மறுநாள் எனக்கும் வீட்டுல இருப்புக் கொள்ளல்ல. பின்னாலயே போயி வகுப்பு சன்னல் பக்கம் நிண்ணேன். காயிதம் நல்லாத்தான் ஒட்டிச்சு. இன்ஸ்பெக்டர் கட்டிய எடுத்து மோந்தாரு, நகத்தால கீறினாரு. இது அம்பர் இல்லியே, அலமாரிச் சாவி யாருட்ட இருக்குன்னு கேட்டாரு. நேசபாய் டீச்சர் எங்கிட்டதான்னா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, மொகம் வெளுத்துட்டு. கோலப்பன் வாய மூடிட்டு நிண்ணா பழி அவளுக்கு, வேல இவனுக்கு. சன்னல் வழியா என்னப் பாத்தான். பெறவு இன்ஸ்பெக்டரு முன்னால போயி நிண்ணான்.

"குங்கிலியம் சார். அம்பர எங்க அக்கா அடுப்புல போட்டுட்டா. மாத்தி வச்சது நாந்தான்."

"பின்ன எப்பிடி இழுத்துது?"

"பேருதான் அம்பருக்கு சார். நல்லாக் காஞ்சா இதுவும் இழுக்கும்."

அவரு நோட்டுல எழுதிட்டே இருந்தாரு.

ஒரு வருசம் கடுதாசி வரல்ல. அதுக்குள்ள நம்ம பக்கத்த மெட்ராசோட சேத்தாச்சு. பேப்பரு திருவனந்தபுரத்துல கெடக்கா, மெட்ராசுக்குப் போச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியல்ல. கார்த்திகையிலதான் வந்தது. வேல நெரந்தரம். கீழ ஒரு வரி, மாத்தி வச்ச குத்தத்துக்கு ரெண்டு வருச சர்வீசக் கழிச்சிருக்குன்னு.

கட்டியக் கருக்கினது நான், கள்ளம் சொல்லிக் கொடுத்ததும் நான். வருசம் போனது அவனுக்கு.