சம்பந்தி வீட்டுக்கு ஒரு புகை விஸ்கி

மகள் தனக்குப் பிடித்த பெடியனைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் என் மனைவி அந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து குசினிக்குள் போய் வாழைப்பூ அரியத் தொடங்கிவிடுவாள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் வாழைப்பூ வறைக்குக் குறைவிருக்கவில்லை.

பெடியன் களுபோவில ஆஸ்பத்திரியில் மகளோடு வேலை செய்கிற டொக்டர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். நாங்களோ வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிற சைவக்காரர். முட்டை போட்ட கேக்கைக்கூட என் மனைவி வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். கடைசியில் ஒருநாள் வாழைப்பூவிலிருந்து தலை நிமிராமலே, "சரி, போய்ப் பாப்பம்" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போவதென்று முடிவாகியது.

வெறுங்கையோடு போகமுடியாது. என்ன கொண்டுபோகலாம் என்று மகளைக் கேட்டேன்.

"அப்பா, பழம், பிஸ்கட் எல்லாம் வேண்டாம். அந்த வீட்டில புகை மணக்கிற ஸ்கொட்ச் எண்டால் உயிர். ஒரு நல்ல போத்தல் வாங்குங்கோ."

பெடியனின் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகுக் கப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் கிடந்த மனிதர், குடிப்பார்தானே என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கு உயிர் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நான் முப்பது வருடமாக உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுப்பவன். அல்ககோலைப் பற்றி மூன்று மணித்தியாலம் மூச்சு விடாமல் படிப்பிப்பேன். குடித்தது என்று பார்த்தால், சிநேகிதன் ஒருவனின் கலியாணத்தில் அரைக் கிளாஸ் சாராயம். அன்றிரவு மாப்பிள்ளையை விட நான்தான் அதிகம் அழுததாகச் சொல்வார்கள்.

வியாழக்கிழமை கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய மதுக்கடைக்குப் போனேன். என் சிங்களம் பஸ்ஸுக்கும் மரக்கறிக்கும் போதும். விஸ்கிக்குப் போதாது என்பது அன்றுதான் தெரிந்தது.

"தும் கந்த தியென விஸ்கி எக்கக் தியெனவாத?" என்று கேட்டேன். புகை மணக்கிற விஸ்கி இருக்கிறதா என்று கேட்பதாகத்தான் என் எண்ணம். விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சர், கந்த நெவெயி, சுவந்த" என்று திருத்தினார். நான் கேட்டது புகை நாற்றம் அடிக்கிற விஸ்கி.

அவர் பொறுமையான மனிதர். ஸ்கொட்லாந்தில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டி, காயவைத்து, அதை எரித்த புகையில் வாற்கோதுமையை உலர்த்துவார்கள் என்று விளங்கப்படுத்தினார். நம் முத்துராஜவெலச் சதுப்பில் காலுக்குக் கீழே கிடக்கிற கறுப்பு மண் மாதிரித்தானாம். முத்துராஜவெலவில் ஒருமுறை முழங்கால் வரை புதைந்தவன் நான். அதைக் காசு கொடுத்துக் குடிக்கிறார்களா என்று யோசித்தேன்.

புகை விஸ்கியில் இரண்டு நல்ல வகை இருந்தன. ஒன்று கடலோரத் தீவிலிருந்து வருவது, முகத்தில் அறைகிற புகை. மற்றது மலைப்பக்கத்தது, மெல்லிய புகை. எது நல்லது என்று கேட்டால், "அது குடிக்கிறவரைப் பொறுத்தது சர்" என்றார். நல்ல வேளையாக இரண்டிலும் விரல் நீளக் குட்டிப் போத்தல்கள் இருந்தன. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன்; பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் பெரியதை வாங்கலாம். சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை; மதுக்கடை எல்லாம் பூட்டு. ஆகவே வெள்ளி பின்னேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மனைவி கோயிலுக்குப் புறப்பட்டாள். கதவைச் சாத்தியதும் நான் சாப்பாட்டு மேசையை ஆய்வுகூடமாக்கினேன். இரண்டு கிளாஸ், அளவுச் சாடி, வடிகட்டிய தண்ணீர், கோடு போட்ட தாள். தாளில் நிறம், மணம், சுவை, பின்விளைவு என்று நான்கு நிரல் கீறினேன். புகை மணத்துக்குக் காரணம் பீனோல் வகைச் சேர்மங்கள். அதை நானே எத்தனை வருடம் படிப்பித்திருக்கிறேன். எதில் பீனோல் கூடவோ அதுதான் புகை விஸ்கியில் சிறந்தது என்பது என் எடுகோள்.

தீவு விஸ்கியை ஒரு மிடறு குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு, தொண்டை, காது எல்லாம் ஒரே குழாயில்தான் இருக்கின்றன என்று அன்றுதான் நேரில் அறிந்தேன். மணம் என்ற நிரலில் 'மிக அதிகம்' என்று எழுதினேன். பிறகு மலை விஸ்கி. அது சாதுவாக இறங்கியது. 'குறைவு' என்று எழுதினேன். ஐயம் தீர இன்னொருமுறை தீவு விஸ்கிக்குப் போனபோது கை தட்டி கிளாஸ் மேசை விரிப்பில் கவிழ்ந்தது.

ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டேன். அதுதான் பிழை. மணம் கதவிடுக்கால் மாடிப்படி முழுக்க இறங்கிவிட்டது. கீழே யாரோ கத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் மனைவி, திருநீற்றுப் பொட்டலமும் கையுமாக உள்ளே பாய்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, வயர் எரியுது! மெயினை ஓஃப் பண்ணுங்கோ!"

நான் வாய் திறக்குமுன் அவளே மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் கட்டடத்துக் காவலாளி ஒரு வாளி மணலோடு மூச்சு வாங்க நின்றார்.

"மஹத்தயா, கின்னக்த?" நெருப்பா என்று கேட்டார்.

நெருப்பில்லை என்று நான் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சினார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் மிகுந்த மரியாதையோடு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்றாள் மனைவி.

"சம்பந்தி வீட்டுக்குத்தான். சோதிச்சுப் பாக்கிறன்."

"குடிச்சோ?"

"இரசாயனவியலில் வேற வழியில்லை."

அவள் பொட்டலத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கத்தப்போகிறாள் என்று நின்றேன். அவள் ஒரு கிளாஸைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். கறியில் உப்பு சரியா என்று வாயில் வைக்காமலே மணந்து சொல்கிறவள் அவள்.

"இது ஆஸ்பத்திரி வார்ட். காயத்துக்கு மருந்து கட்டி, பக்கத்தில ஆரோ தும்புக் கயிறு எரிச்ச மாதிரி" என்று தீவு விஸ்கியைக் கீழே வைத்தாள். மற்றதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள். "இது பரவாயில்லை. யாகம் முடிஞ்சு, பால் ஊத்தி அணைச்ச ஓமகுண்டம். இதை வாங்குங்கோ."

"உதில பீனோல் குறைவு."

"உங்கட பீனோலை நீங்களே குடியுங்கோ."

கடைக்குப் போகும் பஸ்ஸில் நீண்ட நேரம் யோசித்தேன். ஒரு பக்கம் முப்பது வருட விஞ்ஞானம். மறுபக்கம் ஒரு துளியும் குடிக்காத ஒரு மனுஷியின் மூக்கு. விஞ்ஞானத்தை நம்பினேன். தீவு விஸ்கியைப் பெட்டியோடு வாங்கி, அழகான தாள் சுற்றுவித்துக்கொண்டு வந்தேன். எதை வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் கப்டன் வெள்ளைச் சேட்டோடு நின்றார். குடித்துத் தடுமாறும் மாலுமிகளை ஆயுள் முழுக்க ஏற்றி இறக்கியதால் தான் அந்தப் பக்கமே போவதில்லை என்று, ஜிஞ்சர் பியர் என்கிற இஞ்சிச் சோடா ஒன்றை என் கையில் தந்து சொன்னார். நான் திகைத்துப்போய்க் கையிலிருந்த பொதியைப் பார்த்தேன். அப்போது பெடியனின் அம்மா, பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இங்க தாங்க மாஸ்டர். அது எனக்குத்தான். இவர் மோர் குடிச்சாலே தலை சுத்துதுன்னுவார்."

தாளைக் கிழித்துப் போத்தலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்போதே திறந்து, ஒரு சின்னக் கிளாஸில் இரண்டு விரல் ஊற்றி, என் மனைவியிடம் திரும்பினார். "அக்கா, குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். சும்மா மணத்தை மட்டும் பாருங்க."

மனைவி குனிந்து மணந்தாள். நிமிர்ந்தபோது கிளாஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரி" என்றாள்.

அதிபர் அம்மா சிரிக்கத் தொடங்கினார். கிளாஸ் தளும்பச் சிரித்தார். "அதேதான்! இத்தனை வருஷமா இது என்ன மணம்னு யோசிக்கிறேன்." உடனே எழுந்து அலுமாரியைத் திறந்து, பாதி முடிந்த வேறொரு போத்தலைக் கொண்டுவந்தார். "இது?"

மனைவி கண்ணை மூடினாள். "விறகடுப்புச் சாம்பல்... அதில காயப்போட்ட தோடம்பழத் தோல்."

அவர் ஒரு மிடறு குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கினார். "கடவுளே, ஒரேஞ்சுத் தோலேதான்!" பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். மகளும் பெடியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கப்டன் எனக்கு இன்னொரு ஜிஞ்சர் பியர் உடைத்தார்.

சாப்பிடக் கூப்பிட்டபோது மேசை முழுக்கச் சைவம். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பலாக்கொட்டை, கீரை. பரிமாறிய சட்டி ஒன்றின் அடியில் கடையில் ஒட்டிய விலைச்சிட்டு இன்னும் பாதி உரியாமல் இருந்தது. நாங்கள் வருகிறோம் என்று, மீனும் இறைச்சியும் படாத புதுச் சட்டிகள் வாங்கியிருந்தார்கள். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மனைவி அந்தச் சிட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாம் முறை சோறு போடச் சொன்னாள். சொந்தத் தங்கை வீட்டிலும் அவள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

கை கழுவிவிட்டு வந்து, புடவைத் தலைப்பில் துடைத்தபடி, "எழுத்தை எப்ப வைப்பம்?" என்று கேட்டாள். பதிவுத் திருமணத்தைத்தான் சொன்னாள். மகள் அழுதுவிட்டாள்.

திரும்பி வரும்போது ஓட்டோ காலிமுகத்திடலுக்கு வந்தது. கடல் காற்று அடிக்கத் தொடங்கியதும், "ஏன் நான் சொன்னதை வாங்கேல்லை?" என்றாள்.

"புகை கூடினதுதான் நல்லதெண்டு நினைச்சன்."

"நினைச்சனீங்கள்" என்றாள். பம்பலப்பிட்டி வந்தது. "அந்த மனிசி நத்தார் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கு. அப்ப நானும் கடைக்கு வாறன்."