பிரேக் பிடிக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை, ஒஸ்லோ ஹவுகன்ஸ்டுவாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு மகள் துளசி தொலைபேசி எடுத்தாள். "அப்பா, மாமா மோசம் போயிட்டார். சேர்ச்சிலை நீங்கள்தான் மின்னெதாலெ கதைக்கோணுமாம். மார்க்கோ கேக்கிறார்." மார்க்கோ என் மருமகன்; இறந்தது அவருடைய தகப்பன். மின்னெதாலெ என்றால் நோர்வேஜிய மொழியில் இறந்தவரை நினைவுகூரும் உரை. புகழ வேறு ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தபடி, ஓம் என்றேன்.

என் சம்பந்தி லூச்சியோ அவர்கள் இத்தாலியின் மலைநாட்டில் பிறந்தவர். தொண்ணூற்றிரண்டு வயது வரை தம்மைத் தவிர வேறெவரையும் பொருட்படுத்தாமல் வாழ்ந்தார். இளமையில் கோடையில் பந்தயக் கார் ஓட்டினார். குளிர்காலத்தில் பாப்ஸ்லெட், அதாவது பனிப் பாதையில் இருவர் பாய்ந்து இறங்கும் சறுக்குவண்டி. முன்னால் இருப்பவர் அதைத் திருப்புவார். பின்னால் இருப்பவர் தள்ளிவிட்டு ஏறி, எல்லை தாண்டியபின் பிரேக் பிடிப்பார். "பின்னால் இருப்பவன் வெறும் பாரம்" என்பது லூச்சியோ அவர்களின் பொன்மொழி. அந்தப் பாரம் அவருடைய சின்னம்மாவின் மகன் பியெரோ.

ஒருநாள் வளைவில் வண்டி கவிழ்ந்து பியெரோவுக்கு ஒரு கால் போயிற்று. பயந்துபோய் நடுவழியில் பிரேக் பிடித்துவிட்டான் என்று லூச்சியோ ஊரெல்லாம் சொன்னார். சாகும்வரை பியெரோவுக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். சிராய்ப்புக்கூடப் படாத நம் வீரர், நோர்வேஜியப் பெண்ணை மணந்து ஒஸ்லோவுக்கு வந்து கார் விற்றார். கார்களைவிடத் தம் கதையைத்தான் அதிகம் விற்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய என்னிடம், "பஸ்ஸா? அது ஓடுகிற சோபா" என்பார்.

துளசியின் கலியாணத்துக்குத் தமது வெற்றிக் கோப்பையோடு வந்து, வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார். "இதென்ன, ரெண்டாவது கும்பமோ?" என்றாள் என் மனைவி. யாரோ அதற்கும் குங்குமம் வைத்துவிட, மனிதர் பூரித்துப்போனார். அன்றுதான் இத்தாலியிலிருந்து வந்திருந்த பியெரோவின் மகள் ஆன்னா அவரிடம் கேட்டார்: "அப்பா உண்மையாகவே பயந்துதான் பிடித்தாரா?" இவர் வைன் கிளாசைப் பார்த்தபடி, "பாவம், பயம் யாருக்கும் வரும்" என்றார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், திராமன் நகரிலிருந்து அவரைக் காரில் கூட்டிவந்தேன். இறக்கத்தில் கார் பனியில் வழுக்கியது. பந்தய வீரர் கண்ணை மூடிக்கொண்டு இத்தாலிய மொழியில் அலறினார்: "பியெரோ, பிரேக் பிடி! பிடி!" பிரேக் பிடிப்பதற்கான இத்தாலியச் சொற்களை அவர் கதைகளில் ஆயிரம் தடவை கேட்டவன் நான்; எனக்கு விளங்கிவிட்டது. கார் நின்றதும் என் கையைப் பற்றி, "நீ ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

"கேட்டனான்" என்றேன், தமிழில். விளங்காமல், சம்மதம் என்று எண்ணிச் சிரித்தார். மகளின் குடும்பத்தில் சச்சரவு வேண்டாமென்று ஆன்னாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்காக என்மேலும் எனக்கு வெறுப்புத்தான்.

நேற்று எல்லாவற்றையும் துளசியிடம் சொன்னேன்.

"செத்தவரைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாமோ அப்பா? மார்க்கோ உங்களுக்கு முகம் குடுக்கமாட்டார்."

"ஆன்னாவும் வாறாவெல்லோ?"

 "அப்ப நோர்ஸ்கிலை, நோர்வேஜியத்திலை, மெதுவாக் கதையுங்கோ. ஆன்னாவுக்குப் பக்கத்திலை இருந்து நான் இத்தாலியனிலை சொல்லுறன்" என்றாள்.

சம்பந்தி, வெள்ளிக்கிழமை உங்கள் பெட்டியைப் பின்னால் நின்று தள்ளுபவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன், அன்று தமிழில் சொன்னதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வேன்: கேட்டேன். பிரேக் பிடிக்கச் சொன்னவர் நீங்கள். போய் வாருங்கள்.