செல்வி அக்காவின் ஷிஃப்ட் ரிப்போர்ட்

பெங்களூரு பக்கம் ஹெப்பகோடியில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் செல்வி அக்கா மெஷின் ஆபரேட்டர். லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் ஷிஃப்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார்.

போன மாதம் பன்னிரண்டு டென்ஸுக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். "இதை மனப்பாடம் பண்ணா போதும்க்கா" என்று வேறு சொன்னேன்.

இன்று மூன்றாவது முறை. ஒரு முழுப் பக்கம் எழுதினார். மேனேஜர் ஒரு திருத்தம்கூடப் போடவில்லை. அக்கா இனி லைன் லீடர்.

"நம்ம அட்டவணை வேலை செஞ்சுதா?" என்றேன், பெருமையாக.

"அதைப் பார்த்தாலே தூக்கம் வந்துச்சு தம்பி. லைன் லீடருங்க எழுதின பழைய ரிப்போர்ட்டையெல்லாம் போட்டோ எடுத்து, கம்பெனி பஸ்ல வாய்விட்டுப் படிச்சேன். மெஷின் நின்னப்ப நான்தானே பக்கத்துல இருந்தேன்? நடந்தது தெரியும். அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றாங்கன்னு மட்டும் பார்த்துக்கிட்டேன்."

பி.இ. படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இப்போ உங்க அட்டவணை நல்லாப் புரியுது. அது ஏற்கெனவே இங்கிலீஷ் வந்தவங்களுக்குப் போட்டது."

அதே அட்டவணையை இன்னும் நான்கு பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். திருப்பி வாங்கிவிடட்டுமா? சொல்லுங்கள்.