அவர் போகாத தோட்டம்

கல்லறைத் திருநாள் அன்று உங்களை அம்மாவோடு தாத்தா கல்லறைக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் ஏன் பக்கத்து ஊர்க் கல்லறைக்குப் போகிறேன் என்று இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாரும் அடக்கமாகவில்லை. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது கல்லூரிக்குப் போகிறீர்கள், எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் நான், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். படித்ததை வெளியே சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் மதுரைக்குப் பஸ் ஏறுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். சிறைப்பணிக் குழு என்று நம் பங்கில் சில பேர் இருக்கிறோம். ஒரு சிஸ்டர்தான் எங்களைக் கூட்டிப் போவார். மதுரைச் சிறைக்கு உள்ளே போய்ப் பாட்டுப் படிப்போம், செபம் சொல்வோம், சோப்பும் பிஸ்கட்டும் கொடுப்போம். பிறகு கொஞ்ச நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர்கள் வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள். மற்ற நாளெல்லாம் எனக்கு ஜீப். விடியுமுன் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், சாயந்திரம் கொண்டுவந்து இறக்கிவிடுகிற பிழைப்பு.

அங்கே ஆயுள் தண்டனையில் ஒருவர் இருந்தார், நம் பக்கத்து ஊர்க்காரர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை பார்த்தவர். அணை திறந்து லோயர் கேம்ப் தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் யாருக்கு முதல் மடை என்று சண்டை வரும் அல்லவா, அப்படி ஒரு சண்டையில் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். செத்தவருக்கும் பிள்ளைகள் உண்டு. அதை சிஸ்டர் எங்களை மறக்கவிட மாட்டார். அந்த வீட்டுக்கும் நாங்கள் போனோம். கதவு திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கைதியின் வீட்டுக்கு முதல்முறை போனபோது அவருடைய மனைவி சந்து முனையிலேயே எங்களை மறித்துவிட்டார்.

"அண்ணே, வீட்டுக்குள்ள ஜெயிலுன்னு வாயத் தொறந்துராதீக. எம் மககிட்ட அவுக மேல தோட்டத்துக்குப் போயிருக்காகன்னு சொல்லி வச்சிருக்கேன்."

'மேல' என்று சொன்னால் நம் பக்கத்தில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. மலையேறிப் போய் மாசக்கணக்கில் தங்கிவிடுகிற ஆண்கள் எந்தத் தெருவிலும் உண்டு.

"நீங்க ஜீப்புதான ஓட்டுறீக? நல்லதாப் போச்சு. அவுகளப் பாத்தேன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

சிஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. "பொய்ய நம்பி ஒரு புள்ள வளரலாமாம்மா?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல கொலகாரன் மகளேன்னு கூப்பிடுவாக சிஸ்டர். நீங்களா வந்து அவ காதப் பொத்துவீக?"

உள்ளே போனோம். ஒன்றாவது படிக்கிற பெண், முன்பல் விழுந்திருந்தது. உங்க அப்பாவை மேலே பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்றேன். அன்றிலிருந்து நான் ஜீப் மாமா.

ஒவ்வொரு முறையும் கேள்விகள் வைத்திருப்பாள். யானை வருமா, குளிருமா, அப்பாவை அட்டை கடித்தால் என்ன செய்வார். அந்தக் கேள்விகளை மதுரைக்குக் கொண்டுபோவேன். அவர் திருதிருவென்று விழிப்பார். "எனக்கு என்னண்ணே தெரியும்? மலையக் கீழ இருந்து பாத்ததுதான்." நான்தான் சொல்லிக்கொடுப்பேன், உப்பு வைத்தால் அட்டை விட்டுவிடும், மூக்குப்பொடி தடவினால் கடிக்காது என்று. "அப்ப மூக்குப்பொடின்னே சொல்லிருங்க, சிரிப்பா" என்பார். போகப்போக அவரே கேட்க ஆரம்பித்தார். இந்த வாரம் மேலே மழையா, காய் எடுப்பு எப்போது, ஆட்கள் படுப்பது எங்கே. ஓடைக்கு மேலே, மாதா குருசடிக் கோயிலுக்குப் பக்கத்தில் அவருடைய லயம், அதாவது கூலியாட்களின் வரிசை வீடு, என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். அப்படி ஒரு குருசடி அங்கே கிடையாது.

சிறையிலிருந்து வீட்டுக்குப் போன் பேசலாம். ஒருமுறை பேசும்போது பின்னால் விசில் சத்தம் கேட்டதாம். அது என்னப்பா என்றதற்கு, "கங்காணி ஆளுகளக் கூப்பிடுறாரு தாயி" என்றாராம். நேரம் முடிந்து பேச்சு அறுந்துபோனால் மேலே டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வராவிட்டால் முதலாளி லீவு தரவில்லை. அந்த முதலாளி மனம் திரும்ப வேண்டும் என்று அவள் ராத்திரி செபமாலையில் பத்து மணிகளை அதற்கென்று தனியாக உருட்டுவாளாம். அதைச் சொல்லிவிட்டு அவள் அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மேல் கோர்ட்டிலும் தண்டனை உறுதியானது. அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு நாள், இன்னும் இருட்டாக இருக்கும்போது, ஜீப் ஸ்டாண்டில் அவள் வந்து நின்றாள். ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் முறுக்குப் பை.

"நானும் வாரேன் மாமா."

ஜீப்புக்குள் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "ஏலே டிரைவரு, புது ஆளு சேத்திருக்கியா? இது எத்தன கிலோ காயெடுக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள்.

"காயெடுக்க இல்ல. எங்க அப்பாவப் பாக்கப் போறேன்."

"எந்தத் தோட்டம் ஆத்தா?"

ஓடை, குருசடி, லயம் என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தினமும் மேலே போய் வருகிற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவளுடைய ஊர்க்காரி ஒருத்தி, தலைத்துணியைக் கட்டிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்:

"அந்தத் தோட்டத்துக்கு வேலி ரொம்ப ஒசரம்டி. உங்கப்பன் எட்டிப் பாக்கக்கூட முடியாது."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. "வாய மூடுடி, பாவி" என்று ஒரு பெரிய மனுஷி அவள் முதுகில் குத்தினாள். பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"வேலி எதுக்கு மாமா?"

"யானைக்கு" என்றேன்.

அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நடந்ததைக் கேட்ட அவள் அம்மா அவள் தலையிலிருந்து மப்ளரை அவிழ்த்தார். முறுக்குப் பையை வாங்கி அடுப்படியில் வைத்தார்.

அடுத்த மாதம் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் எதுவும் மேலே போகவில்லை. நான் வீட்டில் இருந்து உங்களோடு கேரம் விளையாடினேனே, அந்த வாரம்தான். ஆட்டத்துக்கு நடுவில் போன் வந்தது, எழுந்து வெளியே போனேன்.

"அண்ணே, சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா.

"என்னம்மா சொல்லிட்ட?"

"மண்ணு சரிஞ்சதுல அவுக போயிட்டாகன்னு. ஒடம்பு கெடைக்கலன்னும் சொல்லிட்டேன். அழுதுட்டு இப்பத்தான் தூங்குறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே எப்ப வருவாக, எப்ப வருவாகன்னு கேக்க மாட்டால்லண்ணே."

சிஸ்டர் மறுநாளே ஓடினார். இப்போதும் மாற்றிச் சொல்லலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "செத்தவுகள எந்திரிக்க வச்சு, அவுகதான் கொலகாரருன்னு சொல்லவா சிஸ்டர்?" என்றார் அந்த அம்மா. சிஸ்டர் பிடித்த கையை விட்டுவிட்டார்.

பிள்ளை அம்மாவிடம் இன்னொன்று கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமா செத்தபோது அத்தை தாலியைக் கழற்றினார்களே, நீ ஏன் கழற்றவில்லை? கழற்றிவிட்டார். கட்டியவர் உயிரோடு இருப்பது தெரிந்த தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சிலுவை போட்ட தாலியைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மனு போட்டு அவரைப் பார்க்க மதுரைக்கு வரும்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அதை எடுத்துக் கழுத்தில் போடுவதை நானே பார்த்தேன். "கழத்துனது அவுகளுக்குத் தெரியாதுண்ணே. சொல்லிராதீக" என்றார். திரும்பும்போது தேனி பஸ்ஸில் ஏறுமுன் மறுபடி கழற்றினார்.

அந்த ஞாயிறு சிறையில் செபம் முடிந்ததும் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேதி அவருக்கு முன்பே வந்திருந்தது.

"ராத்திரியா, பகலாண்ணே?"

"எது?"

"மண்ணு சரிஞ்சது."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ராத்திரின்னு சொல்லிருங்க. தூக்கத்துலன்னு. இல்லாட்டி அப்பா மூச்சு முட்டிச் செத்தாகன்னு நெனச்சுக்கிட்டே கெடப்பா." பிறகு, "ரொம்ப அழுதாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பாட்டுப் புத்தகங்களை எங்களோடு சேர்ந்து அடுக்கினார்.

நான் போய் அவளிடம் தூக்கத்தில்தான் என்று சொன்னேன்.

அந்தக் கல்லறைத் திருநாளுக்கு அவள்தான் என்னை வரச்சொன்னாள். அப்பாவைக் கடைசியாகப் பார்த்தவன் நான் அல்லவா. கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். அவளுக்குக் கல்லறை இல்லை. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் நின்றாள்.

"மாமா, எங்க அப்பா தோட்டம் எந்தப் பக்கம்?"

மேற்கே மலையைக் காட்டினேன். சிலுவையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் மெழுகுவர்த்தியை வைத்தாள். மலைக்காற்றில் திரி அணைந்து அணைந்து போனது. நான் குனிந்து கையை வைத்து மறைத்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், கிழக்கே, மதுரையில், அவருக்கு அப்போது சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் போகிறேன். இப்போது அவள் ஒன்பதாவது படிக்கிறாள். தெருவில் இதுவரை யாரும் உண்மையை அவள் காதில் போட்டதாகத் தெரியவில்லை. அவர் பள்ளிக்கூட நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குப் பேசுவார். ஒருமுறை லீவு என்று தெரியாமல் பேசிவிட்டார், அவள் எடுத்திருக்கிறாள். அலோ என்றதும் வைத்துவிட்டார். "குரலு மாறிப்போச்சுண்ணே" என்று அந்த ஞாயிறு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்னடத்தையில் சிலரை முன்கூட்டியே விடுவார்கள், இவர் பெயரும் வரலாம் என்கிறார்கள். மற்றவர்கள் அந்தச் சேதிக்காக முழங்காலில் நிற்கிறார்கள். இவர் என்னிடம் கேட்டார்: "வெளிய விட்டா எங்கண்ணே போறது? செத்தவன் எந்த வாசல்ல போய் நிப்பான்?" பிறகு அவரே, "மேல ஏதாச்சும் ஒரு தோட்டத்துல சேத்துவிடுங்க. அட்டைக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியுமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும் அவள் சொன்னாள்: "மாமா, லீவுல என்னைய ஒருவாட்டி மேல கூட்டிப் போங்க. மண்ணு சரிஞ்ச எடத்துல அப்பாவுக்கு ஒரு சிலுவ நடணும். அம்மாகிட்டக் கேட்டுட்டேன்."

அவள் அம்மாவைப் பார்த்தேன். அவர் அணைந்த திரிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

சரி என்று சொல்லியிருக்கிறேன். தினமும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகும்போது வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தைப் பார்க்கிறேன். பின்னால் இருக்கிற பெண்கள், "என்ன டிரைவரு, எதத் தொலைச்ச?" என்று கேட்கிறார்கள். எந்த இடத்தைக் காட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.